தீவகமும் வடமராட்சியும் சைக்கிளில்: ஊருக்குப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்து ஊருக்குப் போகிறவர்களில் அனேகம்பேர் கட்டுநாயக்காவில் இறங்கின கையோடு ஒரு வானைப் பிடித்து, அதே வானில் நல்லூர், கீரிமலை, நயினாதீவு, கசூரினா என்று நாலைந்து நாளுக்குள் ஓடி முடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அடைத்த கண்ணாடிக்குள் இருந்து பார்த்தால் தீவகம், அதாவது யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவுகள், பனையும் வெளியுமாக ஒரே மாதிரித்தான் கிடக்கும். அதே தெருவில் சைக்கிளில் போய்ப் பாருங்கள். முற்றம் கூட்டுகிற ஆச்சி விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பா. கருவாடு எந்த வளவில் காய்கிறது என்று மூக்குக்குத் தெரியும். மணிச்சத்தம் கேட்டால் அந்த ஒழுங்கைக்குள் திருப்பி, பூசை முடியும்வரை நின்றுவிட்டுப் போகலாம். எங்கள் கரையோரக் கிராமங்களைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான வாகனம் இல்லை என்பதே என் எண்ணம். இரண்டு மூன்று விடியற்காலையையாவது இதற்கென்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

தரையைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. குடாநாடும் தீவுகளும் சுண்ணாம்புக்கல்லின்மேல் கிடக்கிற தட்டை நிலம். கியர் இல்லாத சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மீன்காரரும் வயது போன ஐயாமாரும் காலம் காலமாக ஓடித் திரிகிற ஊர் இது. உங்களை இளைக்க வைக்கப்போவது காற்றும் வெய்யிலும்தான். ஆகவே, எந்த நாள் எந்தப் பாதை என்பதைக் காற்றைப் பார்த்துத் தீர்மானியுங்கள். இந்தக் குறிப்பில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம்.

சோளகமும் வாடையும்

வைகாசியிலிருந்து ஆவணி வரை சோளகம். தென்மேற்கிலிருந்து ஓயாமல் வீசுகிற வறண்ட காற்று. வெளிநாட்டுப் பள்ளிக்கூட விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் இந்தக் காலத்தில் வருவதால், பெரும்பாலும் நீங்கள் சந்திக்கப்போவது இதைத்தான். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மாரி. வருசத்து மழையில் பெரும்பங்கு அந்த மாதங்களில் கொட்டிவிடும், ஒழுங்கைகளில் வெள்ளம் நிற்கும். தையும் மாசியும் வந்தால் வடகிழக்கிலிருந்து வாடை. வெய்யில் தணிந்திருக்கும், வெளிகளில் பச்சை இருக்கும், கடல்நீரேரியில் பூநாரைகள் நிற்கும். விடுமுறையை நீங்களே தெரிவு செய்யலாம் என்றால் இந்த இரண்டு மாதத்தைத் தெரிவு செய்யுங்கள். பங்குனி, சித்திரையில் காற்று விழுந்து புழுக்கம் பிடித்துவிடும். அப்போது விடிய இரண்டு மணித்தியாலம் ஓடினால் போதும்.

முறை இதுதான்: போகும்போது காற்றுக்கு எதிரே போங்கள், வரும்போது காற்று முதுகில் இருக்கட்டும். விடியற்காலையில் காற்று படுத்துக் கிடக்கும். எட்டு, ஒன்பது மணிக்குப் பிறகுதான் எழும்பும். அது எழும்புகிற நேரத்தில் நீங்கள் திரும்பிக்கொண்டிருக்கவேண்டும். சோளகக் காலத்தில் வேலணை, புங்குடுதீவு என்று தென்மேற்கே போய் வருவது சுகம். வாடைக் காலத்தில் குடாநாட்டின் வடகிழக்கே உள்ள வடமராட்சிப் பக்கம் போய் வரலாம். இதை மாற்றிச் செய்தால், திரும்பி வருகிற கடைசி 15 கிலோமீற்றரில் வெய்யிலும் எதிர்காற்றும் சேர்ந்து உங்களைப் பிழிந்துவிடும்.

ஆறு மணியளவில் தெரு தெரியத் தொடங்கும். அப்போதே சைக்கிளில் ஏறியிருக்கவேண்டும். பத்து மணிக்குள் நிழலுக்குள் வந்துவிடுங்கள். பின்னேரம் ஓட விருப்பமென்றால் நாலு மணிக்குப் பிறகு. ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும், தீவகத்தில் நெடுந்தூரத்துக்குத் தெருவிளக்கு இல்லை.

எந்தச் சைக்கிள்

இரண்டு மூன்று ஓட்டத்துக்காகச் சைக்கிளைப் பெட்டியில் அடைத்து விமானத்தில் கொண்டுபோவது வீண் வேலை. சொந்தக்காரர் வீட்டில் ஒரு லுமாலாச் சைக்கிள் நிச்சயம் சாத்தியிருக்கும். நகரத்தில் விருந்தினர் விடுதிகள் சிலவற்றிலும் வாடகைக்குத் தருவார்கள். ஒரு மாதம் நிற்கப்போகிறீர்கள் என்றால் புதிதாகவோ பழசாகவோ ஒன்று வாங்கிவிடுவது நல்லது. போகும்போது மருமகப்பிள்ளை எவருக்காவது கொடுத்துவிடலாம். எந்தச் சைக்கிளானாலும் முதல்நாளே சந்தியிலுள்ள சைக்கிள் கடையில் கொடுத்து பிறேக், செயின், ரயர் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சீற்றை உங்கள் உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். வீட்டுச் சைக்கிள்களில் சீற் அனேகமாகப் பதிவாகத்தான் இருக்கும். அப்படியே ஓடினால் முழங்கால் நோகும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுபோக வேண்டியவை ஹெல்மெட், முன் பின் விளக்குகள், நல்ல பூட்டு. சொந்தச் சைக்கிளைத்தான் கொண்டுபோவேன் என்பவர்கள் மெல்லிய பந்தய ரயரைக் கழற்றிவிட்டு 35 மில்லிமீற்றருக்குக் குறையாததைப் பூட்டுங்கள். 26 அங்குல ரியூப் எந்தச் சந்தியிலும் கிடைக்கும், 700சி ரியூப் கிடைப்பது கஷ்டம், கையோடு கொண்டுபோகவேண்டும். பிரெஸ்டா வால்வு என்றால் ஊர்ப் பம்பி பொருந்தாது. அதற்கான சின்னப் பித்தளைத் தலையைப் பையில் போடுங்கள். விடத்தல் முள்ளும் உடைமுள்ளும் தெருவோரம் தாராளமாகக் கிடக்கும். காற்றுப் போனால் தலையிடியில்லை: ஒட்டுப்போடுகிறவர் ரயரைக் கழற்றாமல் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, ரியூப்பை வெளியே இழுத்து, தண்ணிச் சட்டிக்குள் அமுக்கிக் குமிழி பார்த்து, தேய்த்து ஒட்டித் தந்துவிடுவார். ஆனால் புங்குடுதீவு வெளியில் வைத்துக் காற்றுப் போனால் அந்தக் கடைவரை உருட்டவேண்டும். ஒரு மேலதிக ரியூப்பும் கைப்பம்பியும் இருக்கட்டும்.

ஒரு நாள்தான் இருக்கிறது என்றால்

இந்தச் சுற்றை ஓடுங்கள். யாழ்ப்பாண நகரிலிருந்து கல்லுண்டாய் வெளி, வட்டுக்கோட்டை, பொன்னாலை, காரைநகர். அங்கிருந்து கடற்பாதையில் (ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிக் கடல் கடக்கிற மிதவை) ஊர்காவற்றுறை. பிறகு வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம் வழியாகத் திரும்ப நகரம். மொத்தம் 50 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். வந்த தெருவால் திரும்பவேண்டிய தேவை இல்லாததும், நடுவே ஒரு கடல் கடப்பு இருப்பதும் இதன் சிறப்பு.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதைப் பொன்னாலைப் பாலம்தான் தீர்மானிக்கும். இந்தச் சுற்றில் ஒதுங்க ஒரு மரமும் இல்லாத இடம் அது. வாடைக் காலத்தில் பொன்னாலையிலிருந்து காரைநகருக்குப் போனால் காற்று தள்ளிக்கொண்டு போகும். சோளகக் காலத்தில் மறுவளமாக, பண்ணையால் புறப்பட்டு ஊர்காவற்றுறைக்குப் போய், காரைநகரிலிருந்து பொன்னாலைக்கு வாருங்கள்.

நகரத்தை விட்டு வெளிக்கிட்டதும் வருகிற கல்லுண்டாயில் குப்பை கொட்டுகிற இடம் இருக்கிறது, மணமும் நாய்களும் உண்டு. நிற்காமல் கடந்துவிடுங்கள். அதற்கப்பால் வெளி திறந்துவிடும். ஒரு பக்கம் உவர் பூத்த தரை, மற்றப் பக்கம் நீரேரி. அராலி தாண்டி வட்டுக்கோட்டைக்குள் நுழைந்தால் நிழல். அமெரிக்க மிசனரிமார் 1823 இல் தொடங்கின செமினரி இருந்த இடம் இது. இன்றைய யாழ்ப்பாணக் கல்லூரி அதன் வழிவந்தது. பழைய மரங்களுக்குக் கீழே நின்று தண்ணீர் குடிக்க நல்ல இடம். பொன்னாலையில் வரதராஜப் பெருமாள் கோயில். கடைசித் தேத்தண்ணிக் கடையையும் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு பாலம். பாலம் என்று சொன்னாலும், ஆழமில்லாத கடலுக்குள்ளால் நீட்டிப் போட்ட தெருதான். விடியற்காலையில் இரண்டு பக்கமும் தண்ணீர் அசையாமல் கிடக்கும். சிறகுவலைக் கம்புகள் வரிசையாக நடப்பட்டிருக்கும். ஒவ்வொரு கம்பின் தலையிலும் ஒரு நீர்க்காகமோ கடற்காகமோ இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் வலைக்கூட்டைத் தூக்கி உதறுவார். இறால் துள்ளுவது தெருவிலிருந்தே தெரியும். கரையில் அவருடைய சைக்கிள் சாய்த்துக் கிடக்கும், பின் கரியரில் மீன்பெட்டி கட்டியிருக்கும். இந்த இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தாலும் பிழையில்லை. மதகு வருகிற இடத்தில் தூண்டில்காரர் நிற்பார்கள், தூண்டில் பின்னுக்கு வீசுகிறதைப் பார்த்துக் கடவுங்கள்.

காரைநகரில் கசூரினா கடற்கரைக்குப் போகிற வழி எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். கடல் நெடுந்தூரத்துக்கு ஆழமில்லாமல் இருப்பதால் பிள்ளைகளோடு வருபவர்களுக்கு நல்லது. சனி, ஞாயிறு பின்னேரங்களில் வான்களால் நிரம்பிவிடும். விடிய எட்டு மணிக்கு வந்தால் உங்களுக்கும் சவுக்கு மரங்களுக்கும்தான். எனக்கு அதைவிடக் கோவளம் வெளிச்சவீட்டுப் பக்கம் பிடிக்கும். ஈழத்துச் சிதம்பரத்துக்குப் போக எண்ணியிருப்பவர்கள் பையில் ஒரு வேட்டியோ சேலையோ மடித்து வையுங்கள். அரைக்கால் சட்டையோடு எங்கள் கோயில்களுக்குள் போகமுடியாது.

கடற்பாதை ஆட்களையும் சைக்கிள், மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு, காரைநகரையும் ஊர்காவற்றுறையையும் பிரிக்கிற குறுகின கடலைக் கடக்கும். சில வேளைகளில் பழுதாகிக் கட்டிக்கிடக்கும், ஆகவே முதல்நாளே ஊர் ஆட்களிடம் விசாரித்துவிடுங்கள். ஓடாவிட்டால் காரைநகரோடு திரும்பிவிடலாம், அதுவும் நல்ல ஓட்டம்தான். ஏறும்போது மோட்டார் சைக்கிள்களை முதலில் விட்டு, உங்கள் சைக்கிளை ஓரமாகச் சாய்க்காமல் பிறேக்கைப் பிடித்தபடி நில்லுங்கள். கடலுக்கு நடுவே தெரிகிற கடற்கோட்டை போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் திருத்திக் கட்டினது. இப்போது கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. அந்தச் சில நிமிடங்களுக்குள் பக்கத்தில் நிற்கிற ஒரு ஐயா கேட்பார்: “தம்பி எந்த இடம்? அப்பா ஆர்?” வடிவாக, அவசரப்படாமல் மறுமொழி சொல்லுங்கள். அம்மாவின் ஊர், அப்பப்பாவின் பெயர் என்று சொன்னால் மறுகரைக்குப் போவதற்குள் ஒரு சொந்தம் பிடிபட்டாலும் பிடிபடும்.

ஊர்காவற்றுறையிலிருந்து நகரத்துக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர். தெரு நல்ல தெரு, வாகனம் குறைவு, நிழலும் குறைவு. வேலணை தாண்டிச் சாட்டிக் கடற்கரைக்குத் திரும்புகிற சந்தி வரும், குளிக்கிறவர்கள் குளிக்கலாம். அல்லைப்பிட்டிக்குப் பிறகு பண்ணைப் பாலம். ஒல்லாந்தர் 1658 இல் பிடித்துக்கொண்ட யாழ்ப்பாணக் கோட்டையின் மதில் தூரத்தே தெரியத் தொடங்கினால் நகரம் வந்துவிட்டது என்று அர்த்தம். பாலத்தில் மட்டும் கவனம்: தனியார் பஸ்கள் அங்கே தங்கள் வேகத்தைக் காட்டுவார்கள். இடது ஓரத்தை விடாதீர்கள்.

புங்குடுதீவுக்கு, குறிகட்டுவானுக்கு

நகரிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு 30 கிலோமீற்றர் அளவு, ஒரு வழிக்கு. இது சோளகக் காலப் பாதை. வேலணையிலிருந்து வாணர் பாலத்தால் புங்குடுதீவுக்குக் கடந்ததும் ஒரு வித்தியாசம் தெரியும். பெரிய பெரிய கல்வீடுகள், பூட்டின படலைகள், கூரை விழுந்த சுவர்களுக்குள் எழும்பி நிற்கிற மரங்கள். 1990, 91 இல் இடம்பெயர்ந்த குடும்பங்களில் பலர் திரும்பவில்லை. கொழும்பிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் சுவிசிலும் இருக்கிறார்கள். இதை வாசிக்கிற சிலருக்கு அது சொந்த வீடாகவே இருக்கும். தெருவில் நின்று பாருங்கள், பற்றைக்குள் இறங்கவேண்டாம். கட்டில்லாத பாழ்கிணறுகள் செடி மூடிக் கிடக்கின்றன.

தண்ணீர்தான் இந்தத் தீவில் பெரிய பிரச்சினை. கிணறுகள் பெரும்பாலும் உவர். நகரத்திலேயே மூன்று லீற்றர் கட்டிக்கொண்டு வாருங்கள். வழியில் இளநீர் கிடைத்தால் அதிர்ஷ்டம். கோடையில் தெருவோரம் நுங்கு வெட்டுபவர் இருந்தால் இறங்காமல் போகாதீர்கள்.

நயினாதீவுக்குப் போகிறவர்கள் சைக்கிளைக் குறிகட்டுவானில் பூட்டிவிட்டுப் போகலாம், நாகபூசணி அம்மன் கோயில் இறங்குதுறைக்குப் பக்கத்தில்தான். நெடுந்தீவு வேறு கதை. படகில் ஒரு மணித்தியாலம் அளவு, தீவும் பெரியது. பவளக்கல் அடுக்கின வேலிகள், தானாகத் திரிகிற குதிரைகள், ஒல்லாந்தர் கோட்டையின் மிச்சம், பெருக்கு மரம் எல்லாம் சைக்கிளில் பார்க்கத் தோதான தூரங்களில் இருக்கின்றன. சைக்கிளை ஏற்ற இடமுண்டா என்று படகுக்காரரைக் கேளுங்கள். திரும்புகிற கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை ஏறும்போதே கேட்டுவிடுங்கள். ஒரு இரவு தங்கிவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

வடக்குக் கரை

பொன்னாலையிலிருந்து கரையோரமாகத் திருவடிநிலை, மாதகல், சம்பில்துறை வழியாகக் கீரிமலைக்கு வருகிற பாதை பலருக்குத் தெரியாது. சின்னத் தூரம்தான், ஆனால் கடல் கைக்கெட்டுகிற தூரத்தில் கூடவே வரும். முடிவில் கீரிமலைக் கேணி: கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊற்று. ஓடிக் களைத்த உடம்போடு அதற்குள் இறங்குகிற சுகத்துக்காகவே இந்தப் பாதையை ஓடலாம். ஆடி அமாவாசை அன்று மட்டும் தவிருங்கள், பிதிர்க்கடன் செய்ய வருகிற சனத்தால் தெரு நிறைந்திருக்கும். கீரிமலைக்குக் கிழக்கே பலாலிப் பக்கம் இன்னும் படையினரின் கட்டுப்பாட்டில் உள்ள நிலங்கள் உண்டு. பலகையில் எழுதியிருப்பதை வாசியுங்கள், திரும்பு என்றால் திரும்புங்கள்.

வடமராட்சிக்கு நகரிலிருந்து ஓடிப் போவதைவிட வல்வெட்டித்துறையிலோ பருத்தித்துறையிலோ இரண்டு இரவு தங்குவது நல்லது. நெல்லியடித் தெரு வாகனத்தால் நிரம்பியிருக்கும். வல்லை வெளியில் காற்று சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளும். அங்கே தங்கினால் விடியவே தொண்டைமானாற்றுக்குப் போய்ச் செல்வச்சந்நிதியைக் கும்பிட்டுவிட்டு, கரைத் தெருவால் வல்வெட்டித்துறை, பொலிகண்டி, பருத்தித்துறை என்று வரலாம். வள்ளங்கள் கரைக்கு வருகிற நேரம் அது. தெருவில் வலை உலரப் போட்டிருந்தால் அதன்மேல் ஏற்றாமல் இறங்கிச் சுற்றிப் போங்கள். ஒரு கண் அறுந்தாலும் அவர்களுக்கு அரை நாள் வேலை. 1916 இல் கட்டின பருத்தித்துறை வெளிச்சவீட்டைத் தாண்டித் தும்பளை வழியாக வல்லிபுரம். 1936 இல் எழுத்துப் பொறித்த பழைய பொன்னேடு கிடைத்த ஊர். ஆழ்வார் கோயிலைச் சுற்றிலும் மணல். அங்கிருந்து மணற்காடு போகிற வழியில் தெருவுக்கு மணல் ஏறி மூடியிருக்கும். மெல்லிய ரயர் புதையும், உருட்டவேண்டி வரும். மணல்மேடுகளும் சவுக்கங்காடும், பாதி மணலுக்குள் போன பழைய தேவாலயமும் பட்ட பாட்டுக்கு ஈடுசெய்யும்.

அதற்கும் தெற்கே நாகர்கோவில், மருதங்கேணி, சுண்டிக்குளம் என்று வடமராட்சி கிழக்கு நீண்டு கிடக்கிறது. கடை குறைவு, ஊர்களுக்கு இடையே தூரம் அதிகம், தெரு இடத்துக்கிடம் மாறும். தனியே போகவேண்டாம். நாகர்கோவில், முகமாலை, கிளாலிப் பக்கங்களில் சிவப்பு மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் தெருவை விட்டு ஓரடி கூட இறங்கக்கூடாது, ஒதுங்குவதற்குக்கூட. மிதிவெடி அகற்றுகிற வேலை பல வருசமாக நடந்த நிலம் அது.

சங்குப்பிட்டிப் பாலம் 2011 இல் திறந்தபிறகு நாவற்குழி, தனங்கிளப்பு வழியாகப் பூநகரிக்கு ஓடலாம். இருபுறமும் நீர் விரிந்த அழகான தெரு, ஆனால் மன்னார் லொறிகள் வேகமாக வரும். ஏழு மணிக்கு முன் பாலத்தைக் கடந்துவிடுங்கள். மன்னார்த் தீவில் நகரிலிருந்து தலைமன்னார் வரையும் தட்டைத் தெருதான். அங்கே காற்றாலைகள் நட்டிருப்பதைப் பார்த்தாலே காற்றின் அளவு விளங்கும்.

தெருவில் நடந்துகொள்ளும் முறை

கண்டி வீதி, காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி நான்கையும் முடிந்தவரை தவிர்த்து, சமாந்தரமாக ஓடுகிற உள்வீதிகளைப் பிடியுங்கள். மணல் ரிப்பரோ பஸ்ஸோ பின்னால் ஹோர்ன் அடித்தால் அவர் விலகமாட்டார், நீங்கள்தான் விலகவேண்டும். மண்ணோரத்துக்கு இறங்கி நின்றுவிடுவதில் குறைவொன்றுமில்லை. மாடும் ஆடும் தெருவுக்குக் குறுக்கே வந்தால் மணி அடிக்காமல் மெதுவாகப் பின்புறத்தால் போங்கள். நாய் துரத்தினால் மிதித்து ஓடாதீர்கள். இறங்கிச் சைக்கிளை நடுவே விட்டு நின்றால் பெரும்பாலும் போய்விடும். கடித்துவிட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவி, அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போடவேண்டும்.

உடம்போடு ஒட்டின சைக்கிள் உடுப்பு கிராமங்களில் ஆட்களைச் சங்கடப்படுத்தும். தளர்வான நீளக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் வெய்யிலுக்கும் நல்லது, மரியாதைக்கும் நல்லது. பெண்பிள்ளைகள் சைக்கிள் ஓடுவது எங்கள் ஊரில் எப்போதும் சாதாரணம், அதில் தயக்கம் வேண்டாம். ஆளில்லாத கடற்கரைத் தெருக்களில் மட்டும் இரண்டு மூன்று பேராகப் போங்கள். படைமுகாம், காவலரண், கடற்படை இறங்குதுறை எதையும் படம் எடுக்காதீர்கள். ஆட்களைப் படம் எடுக்க முன் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தேத்தண்ணியும் வரும்.

புறப்பட முன் எந்தப் பாதையால் போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். பயணக் காப்புறுதியில் சைக்கிள் விபத்து அடங்குகிறதா என்று பாருங்கள். விழுந்து அடிபட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். எந்த ஊர், எந்தச் சந்தி, எந்தக் கோயிலடி என்று சொல்லத் தெரிந்தால்தான் கெதியாக வந்துசேர்வார்கள். ஆகவே கடந்துபோகிற சந்திகளின் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே ஓடுங்கள்.